‘மதிப்பு’ என்ற விடைக்கு எந்தக் குறிப்பு நல்லது?

குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கும்போது கட்டத்தில் நான்கு எழுத்துக்கு இடம் கிடைக்கிறது, அதில் ‘மதிப்பு’ கச்சிதமாக உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடையை உட்கார வைப்பது பாதி வேலைதான். அதற்குக் குறிப்பு எழுத வேண்டுமே! ‘மேன்மை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அகராதியில் இருப்பதுபோல ஒரு விளக்கம் தரலாம். பழமொழியிலோ குறளிலோ ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போடலாம். இரண்டு அர்த்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். இல்லையென்றால் எழுத்துகளைப் பிரித்து விளையாடலாம்.

‘நாற்காலி’ மாதிரியான விடைக்கு இந்த ஐந்தில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. மதிப்பு, விலை, அருமை, தகுதி, பெருமை, பெறுமதி என்று வரும் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் தேர்வு முக்கியம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சொற்களுக்கு ஒற்றைச் சொல் குறிப்பு கடைசியாகத்தான் வர வேண்டும். இவை ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பதுபோலத் தோன்றும். ஒரு வாக்கியத்துக்குள் போனால்தான் எது எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது தெரியும். அந்த வித்தியாசத்தைக் காட்டும் குறிப்பே நல்ல குறிப்பு.

ஒத்த சொல்லைக் குறிப்பாகத் தருவதில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். மூன்று எழுத்தில் அருமை, பெருமை, மேன்மை, மாண்பு, தகுதி, தகவு இருக்கின்றன. நான்கில் மதிப்பு, சிறப்பு, பெறுமதி, அருகதை, மரியாதை. ஐந்தில் பெறுமானம், விழுப்பம், விழுமியம். இதில் எதை எடுத்து எதற்குக் குறிப்பாக்கினாலும் ஓரளவு ஒத்துப்போகும். ‘மேன்மை (4)’ என்று கேட்டால் மதிப்பா, சிறப்பா? இரண்டும் ‘ப்பு’ என்று முடிகின்றன. போடுபவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். யானைக்கும் பல பெயர்கள் உண்டு. களிறா வேழமா என்று ஒருவர் தயங்கலாம். ஆனால் அவர் மனத்தில் நிற்பது ஒரே யானை. ‘மேன்மை’ என்றதும் மனத்தில் என்ன நிற்கிறது? ஒருவருக்குக் குணம், இன்னொருவருக்குப் பதவி, மூன்றாமவருக்குத் தங்கம்.

குறுக்கே வரும் எழுத்து காப்பாற்றிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தமிழில் மொத்தம் 247 எழுத்துகள் இருப்பதால் ஒரு கட்டம் நிரம்பினாலே நிறையத் தகவல் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்தக் கட்டம் நிரம்புகிறது என்பதைப் பொறுத்தது அது. அருமை, பெருமை இரண்டிலும் பின்னிரண்டு எழுத்தும் ஒன்றே. கடைசி ‘மை’ மட்டும் குறுக்கே வந்தால் இனிமை, எளிமை, சிறுமை, பழமை வரை எல்லாமே வாசலில் வந்து நிற்கும். மதிப்பு, சிறப்பு விஷயத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தமிழ்ச் சொற்களுக்குள் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும் என்று நன்னூல் விதிக்கிறது. அதாவது மூன்றாம் கட்டத்தில் ‘ப்’ தெரிந்துவிட்டால் நான்காம் கட்டம் ப வரிசைதான். இரண்டு கட்டம் நிரம்பியும் கிடைத்த தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்தக் குடும்பத்துச் சொல் எதைப் போட்டாலும் அதன் முதல் எழுத்தில் ஒரு மேலிருந்து கீழ் விடை வெட்டும்படி கட்டத்தை அமைத்துவிட வேண்டும். அது முடிந்தால் ஒற்றைச் சொல் குறிப்பையும் மன்னிக்கலாம். முடியவில்லை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது அகராதி விளக்கம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரிலிருந்தே நேரடி விளக்கம்தான் இந்த விளையாட்டின் அடித்தளம். ஆனால் மதிப்புச் சொற்களை விளக்கப் போனால் வட்டமடிக்க ஆரம்பித்துவிடுவோம். மதிப்பு என்றால் பெருமை, பெருமை என்றால் மேன்மை, மேன்மை என்றால் சிறப்பு, சிறப்பு என்றால் மதிப்பு. இந்த வட்டத்தைத் தொல்காப்பியர் அன்றைக்கே பார்த்துவிட்டார். ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம்பு இன்றே’ என்று உரியியலில் சொல்கிறார். சொல்லுக்குப் பொருள் சொன்ன பிறகு அந்தப் பொருளுக்கும் பொருள் கேட்டால் அதற்கு எல்லையே கிடையாது. அதே இயலில், எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விளக்க வேண்டியதில்லை, தெரியாததை விளக்கினால் போதும் என்கிறார். குறிப்பு எழுதுபவர் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு விதிகள் இவை.

வட்டத்திலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. சொல்லுக்குப் பதில் சொல் தேடாமல், யார் யாரை எதற்காக மதிக்கிறார்கள் என்ற காட்சியைச் சொல்லிவிடுவது. விலை என்பது கைமாறும் தொகை. மதிப்பு என்பது ஒருவர் மனத்தில் போடும் கணக்கு. வாங்காமலே, விற்காமலே அது இருக்கும். பெறுமானம் என்பது விற்றால் எவ்வளவு பெறும் என்பது. தகுதி என்பது ஒன்றைப் பெறுவதற்கு முன்பே ஒருவரிடம் இருக்க வேண்டியது. அருமை என்பது எளிதில் கிடைக்காததிலிருந்து பிறப்பது. பல நேரம் இழந்த பிறகுதான் தெரியும். விழுமியம் என்பது ஒரு சமூகமே உயர்வென்று ஏற்றுக்கொண்ட நெறி. இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டால் குறிப்பு தானாக வரும். ‘கைவிட்டுப் போனபின் பலர் உணர்வது (3)’ என்றால் அருமை. ‘வேலை கேட்பவரிடம் முதலில் பார்ப்பது (3)’ என்றால் தகுதி. இவை அகராதியில் இருக்கும் வரிகள் அல்ல. ஆனாலும் அகராதி வரியை விடத் துல்லியமானவை.

எந்த அகராதியைப் பார்ப்பது என்பதும் ஒரு தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் பின்னிணைப்பும் வந்தது. ஒரு சொல் இலக்கியத்தில் எந்தெந்தப் பொருளில் வந்தது என்று மேற்கோளோடு காட்டும். அதில் ‘அருமை’ என்று பார்த்தால் கடினம் என்ற பொருளும் இருக்கும். அதை நம்பி ‘கடினம் (3)’ என்று குறிப்பு எழுதலாமா? சட்டப்படி சரி. ஆனால் இன்று அருமை என்று சொன்னால் யாருக்கும் கடினம் நினைவுக்கு வராது. 1992இல் முதல் பதிப்பும் பிறகு 2008, 2020 பதிப்புகளும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இங்கே அதிகம் உதவும். இன்றைய எழுத்தில் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தருகிறது. மதிப்புச் சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியமே பாதிக் குறிப்பு. நான் முதலில் திறப்பது க்ரியாவை. சந்தேகம் தீராவிட்டால் லெக்சிகன்.

நிகண்டுகளை மறந்துவிடக் கூடாது. திவாகரம், பிங்கலம், சூடாமணி மூன்றும் ஒரு பொருளுக்கு என்னென்ன பெயர், ஒரு பெயருக்கு என்னென்ன பொருள் என்று செய்யுளாகவே அடுக்கி வைத்தவை. கட்டத்தை நிரப்பச் சொல் தேடும்போது பொன் மாதிரி உதவும். குறிப்பு எழுதும்போது அவ்வளவு உதவாது. ஒத்த சொற்களைச் சேர்த்துத் தருவது அவற்றின் வேலை, நமக்கு வேண்டியதோ அவற்றைப் பிரிப்பது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக இருப்பதால், எதுகைப்படி சொல் தேட அதன் தொடைப் பகுதி கை கொடுக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன்: கோடிட்ட இடம். ‘நிழலின் ____ வெயிலில் தெரியும் (3)’ என்று கேட்டால் அருமையைத் தவிர வேறு எந்தச் சொல்லும் வராது. பெருமை வராது, மேன்மை வராது. பழமொழி அந்தச் சொல்லை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காது. ‘கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் ____ (4)’ என்றால் மூதுரை தெரிந்தவர் சிறப்பு என்று எழுதிவிட்டு நகர்வார். மதிப்பா சிறப்பா என்ற முந்தைய குழப்பம் ஒரே வரியில் தீர்ந்தது. பாடத்தில் படித்து மறந்த வரி சட்டென்று திரும்பி வரும் சந்தோஷமும் போடுபவருக்குக் கிடைக்கிறது. வேறெந்தக் குறிப்பும் தர முடியாத பரிசு அது.

குறளில் இந்தச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ‘ஒழுக்கம் ____ தரலான் (5)’ என்றால் விழுப்பம். ‘தக்கார் ____இலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும் (3)’ என்றால் தகவு. இதில் புணர்ச்சியைக் கவனிக்க வேண்டும்: ‘தகவிலர்’ என்பதைப் பிரித்து ‘தகவு’ என்று எழுத வேண்டும். அந்தச் சின்னத் தடையைப் போடுபவர் தாண்டட்டும், தப்பில்லை. ஆனால் 611ஆம் குறளை எடுத்து, ‘____ உடைத்தென்று அசாவாமை வேண்டும் ____ முயற்சி தரும்’ என்று இரண்டு கோடு போட்டு ஒரு விடை கேட்டுவிடாதீர்கள். முதல் கோடு அருமை, இரண்டாவது பெருமை. இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டுமே வேறு. அதே குறளில் அருமை கடினம் என்ற பொருளில் வருவதால், மேலே சொன்ன ‘கடினம் (3)’ என்ற குறிப்பை எழுத ஆசைப்படுபவர் குறள் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

கோடிட்ட இடத்துக்கும் பலவீனம் உண்டு. சொல் வழக்கமாகச் சேரும் தொடராக இருந்தால் போதும் என்று நினைத்து ‘____க்குரிய ஐயா (4)’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். மதிப்புக்குரிய என்றும் வரும், மரியாதைக்குரிய என்றும் வரும். இரண்டும் நான்கு எழுத்து, இரண்டும் ‘ம’வில் தொடங்குகின்றன! முதல் எழுத்து குறுக்கே வந்தாலும் பயனில்லை. தொடர் ஒன்றைத் தருவதற்குப் பதிலாக இரண்டைத் தந்தால் இது சரியாகிவிடும். ‘உரை சேர்ந்தால் நூல் விமர்சனம், எண் சேர்ந்தால் தேர்வு முடிவு (4)’ என்று எழுதிப் பாருங்கள். மதிப்புரை, மதிப்பெண். இரண்டிலும் நிற்கும் சொல் ஒன்றுதான். பெறுமதிக்கும் இப்படி ஒரு நல்ல தொடர் இருக்கிறது: இலங்கைத் தமிழில் ‘பெறுமதி சேர் வரி’ என்பது, தமிழ்நாட்டில் ‘மதிப்புக் கூட்டு வரி’. ‘____ சேர் வரி (4)’ என்று கேட்டால் இலங்கை வாசகருக்கு உடனே வந்துவிடும். தமிழ்நாட்டு வாசகருக்குச் சற்று யோசனை தேவைப்படும், ஆனால் ‘சேர்’ என்ற சொல் மதிப்பை வெளியே தள்ளிவிடுவதால் குழப்பம் இருக்காது. எந்த நிலத்து வாசகர் என்று தெரியாமல் புதிர் வெளியிடும்போது இதையெல்லாம் நினைக்கத்தான் வேண்டும்.

இரட்டைப் பொருள் குறிப்பு எல்லாச் சொல்லுக்கும் அமையாது. அமையும் இடத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. இந்தக் குடும்பத்தின் ராஜா ‘பொருள்’ என்ற சொல்தான். ‘சொல்லிலும் உண்டு, செல்வரிடமும் உண்டு (3)’. எவ்வளவு சிறிய குறிப்பு! 751ஆம் குறள் இந்த ஒரு சொல்லை நான்கு முறை வைத்து இழைக்கிறது: பொருளல்லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள். அங்கே செல்வம் என்ற பொருளும் வருகிறது, ஒரு பொருட்டாக மதிக்கப்படுபவர் என்ற பொருளும் வருகிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் மதிப்பு நேராக அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘மாற்று’ இன்னொன்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. ‘வேறாக்கு, பொன்னின் தரம் தெரியும் (3)’ என்று எழுதலாம். ‘விழுமம்’ இன்னும் ஆழமானது. தொல்காப்பிய உரியியல் அதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என்று பொருள் சொல்கிறது. சிறப்பும் துன்பமும் ஒரே சொல்லில்! ‘விழுமம் துடைத்தவர் நட்பு’ என்று 107ஆம் குறளில் வருவது துன்பம் என்ற பொருளில்தான். ‘மேன்மை, ஆனால் நண்பர் துடைப்பது (4)’ என்று குறிப்பு எழுதினால் குறள் படித்தவர்கள் ரசிப்பார்கள். படிக்காதவர்கள் அகராதியைப் புரட்டுவார்கள். ‘விலை’க்கு: ‘இது இல்லையென்றால் இலவசம், இதைச் சொல்லவே முடியாதென்றால் ஈடற்றது (2)’. இது கொஞ்சம் நீளம்தான், ஆனால் விலையில்லாததற்கும் விலைமதிப்பற்றதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் காட்டுவதால் எனக்கு வெட்ட மனமில்லை.

கடைசியாக எழுத்து விளையாட்டு. தமிழ் இதழ்களில் குறுக்கெழுத்து போட்டவர்களுக்குத் ‘தலையில்லை’, ‘குழம்பியிருக்கிறது’, ‘வலமிருந்து இடம்’ எல்லாம் பழக்கம். விளக்கம் சரியாகத் தந்துவிட்டு, மேலே ‘கலைந்துள்ளது’ என்று சேர்த்து எழுத்துகளைக் கட்டத்தில் குலைத்துப் போடுவது அந்தப் பழைய பாணி. மதிப்புச் சொற்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடை எது என்பதே உறுதியில்லாத இடத்தில் அது எந்த வரிசையில் கிடக்கிறது என்பதும் தெரியாமல் போனால் போடுபவர் பாவம்.

குறிப்புக்குள்ளேயே சொல்லை உடைப்பது வேறு விஷயம். ‘நிலவுக்குப் பின் தலையில்லா உப்பு வந்தால் மரியாதை (4)’. நிலவு மதி, உப்பில் முதல் எழுத்துப் போனால் ‘ப்பு’, சேர்த்தால் மதிப்பு. இங்கே ‘மரியாதை’ என்ற ஒத்த சொல் மட்டும் இருந்திருந்தால் ஆயிரம் சந்தேகம் வந்திருக்கும். பக்கத்தில் எழுத்துக் கணக்கு சாட்சியாக நிற்பதால் ஒரு சந்தேகமும் இல்லை. ‘ரவி, லைலா இடையே பேசி முடித்த தொகை (2)’: இரண்டு பெயரும் சேரும் இடத்தில் விலை ஒளிந்திருக்கிறது. ‘உடைந்த கதவுக்கும் தகுதி உண்டு (3)’: கதவின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் தகவு. ‘உருவமில்லாக் கதைக்குத் தகுதி (4)’: அரு, கதை, அருகதை. ஒத்த சொல் குறிப்பின் பெரிய குறையை எழுத்து விளையாட்டு முழுசாக அடைத்துவிடுகிறது. போடுபவர் விடையை எழுதும்போதே அது சரியென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் இந்த வகைக் குறிப்புக்குக் கறாரான விதிகள் உண்டு: துல்லியமான விளக்கம் ஒன்று, நியாயமான சொல் விளையாட்டு ஒன்று, மூன்றாவதாக எதுவும் கூடாது. தமிழில் இதை அப்படியே பிடித்துக்கொண்டால் வாக்கியமே அமையாது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கதவு என்று நிற்க வேண்டியது ‘கதவுக்கும்’ என்று நிற்கிறது. சந்தியில் ஒரு ‘க்’ கூடுதலாக முளைக்கிறது. உருபையும் சந்தியையும் எழுத்துக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரே புதிரில் ஓரிடத்தில் சேர்த்து, இன்னோரிடத்தில் விட்டால் போடுபவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது.

சரி, எதை எடுப்பது? போடுபவர்கள் பள்ளி மாணவர்கள் என்றாலோ தமிழ் புதிதாகப் படிப்பவர்கள் என்றாலோ கோடிட்ட இடமும் காட்சி விளக்கமும் போதும். சொல் எங்கே புழங்கும் என்பதை அவர்கள் போகிற போக்கில் கற்றுக்கொள்வார்கள். தினமும் பேருந்திலோ இடைவேளையிலோ பத்து நிமிடம் ஒதுக்கிப் போடும் வாசகருக்குக் காட்சி விளக்கத்தை முதன்மையாக வைத்து, நடுநடுவே ஓர் இரட்டைப் பொருள் குறிப்பைப் போடலாம். புதிரில் ஊறியவர்களுக்கு எழுத்து விளையாட்டைத் தாராளமாக வைக்கலாம். அவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். ஒரே புதிரில் மதிப்புச் சொற்கள் இரண்டு மூன்று வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வகைக் குறிப்பு எழுதுங்கள். ஒன்றின் குறிப்பில் இன்னொன்றின் விடை வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘உடைந்த கதவுக்கும் தகுதி உண்டு’ என்று 5ஆம் எண்ணில் எழுதிவிட்டு, 9ஆம் எண்ணில் தகுதியையே விடையாகக் கேட்டால் பாதிப் பேர் அதைப் பார்த்தே எழுதிவிடுவார்கள்.